குருமனைக்கு யார் பணம் கொடுத்தது?
வடசென்னைப் பங்குப் பேரவைகளுக்கும் சபைக் கமிட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள பங்குகளின் பேரவை உறுப்பினர்களுக்கும், சபைக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், முக்கியமாக ஜூபிலி மலர் போட ஓடியாடும் இளைஞர்களுக்கும்,

நூறாம் ஆண்டு, நூற்றைம்பதாம் ஆண்டு என்று நீங்கள் வெளியிடும் மலர்களைக் கிடைத்தவரை வாங்கிப் படிக்கிறவன் நான். பெரும்பாலும் ஒரே அமைப்புதான். ஆயரின் ஆசியுரை, அமைச்சரின் வாழ்த்து, பணியாற்றிய குருக்களின் பட்டியல், நகைக்கடை விளம்பரம், திருமண மண்டப விளம்பரம். நடுவில் எங்கேயாவது தூண் வைத்த பழைய வீடு ஒன்றின் மங்கலான படம் இருக்கும். அதன் கீழே ‘பழமை வாய்ந்த குருமனை’ என்று ஒரு வரி. அந்த நிலம் யாருடையது, வீட்டை யார் எழுப்பினார், பணம் எந்தக் கையிலிருந்து வந்தது, பாதிரியார் குடியேறுவதற்கு முன் அதில் யார் இருந்தார் என்று ஒரு சொல்லும் இருக்காது. பட்டியலில் ஒரு குருவின் பெயர் விட்டுப்போனால் சண்டை போடுகிறோம். காசு கொடுத்தவர் பெயர் முழுதாக விட்டுப்போனால் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. நம் நகரத்தில் பழைய பங்களாவும் கோயிலும் பாதிரியார் வீடும் கைமாறிய கதைகளைப் பார்த்தால், பணம் போட்டவர் ஒருவர், கடைசியில் சாவி வைத்திருந்தவர் இன்னொருவர் என்றே பெரும்பாலும் முடிகிறது. நம் பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் வேப்பேரியில் நடந்ததையே முதலில் சொல்கிறேன்.

வேப்பேரி நமக்கு அந்நிய ஊரும் இல்லை. 1742இல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம் ஆகியவற்றோடு நம் எர்ணாவூரும் சடையங்குப்பமும் உண்டு. ஒரே சீட்டில் கைமாறிய ஊர்கள். அதற்கு முன்பே, 1708இல், திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சாத்தாங்காடும் வியாசர்பாடியும் நுங்கம்பாக்கமும் கம்பெனி கைக்குப் போயிருந்தன. நுங்கம்பாக்கமும் கத்திவாக்கமும் ஒரே நாளில் வெள்ளைக்காரன் சொத்தாயின என்று இன்று சொன்னால் நுங்கம்பாக்கத்துக்காரர் நம்பமாட்டார்.

அந்த வேப்பேரியில் தன் சொந்தச் செலவில் மாதா கோயில் ஒன்றைக் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். ஆர்மீனியர். பாரசீகத்து ஜுல்ஃபாவைச் சேர்ந்த வணிகக் குடும்பம். மணிலா வரை வியாபாரம். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டிக் கொடுத்தவரும், பரங்கிமலைக்குப் படி வைத்தவரும் இவரே. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தபோது உஸ்கான் அவர்கள் பக்கம் சாய மறுத்தார். அதனால் அவருடைய சொத்துகளைப் பிரெஞ்சு நிர்வாகம் பறித்துக்கொண்டது. ஆங்கிலேயருக்கு விசுவாசமாக இருந்ததற்குக் கிடைத்த நஷ்டம் அது.

1749இல் ஊர் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. உஸ்கானுக்கு நல்ல காலம் பிறந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொன்னார்கள் என்ற சந்தேகத்தில் கம்பெனி கத்தோலிக்கக் கோயில்கள் மேல் கைவைத்தது. வேப்பேரிக் கோயிலும் அதில் மாட்டியது. இது என் காசில் கட்டிய என் சொத்து என்று உஸ்கான் வாதாடினார். கம்பெனி அசையவில்லை. 1751 ஜனவரியில் அவர் இறந்தார். உடல் அந்த வேப்பேரி வளாகத்திலேயே அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும் தனியே எடுத்துப் பேழையில் வைத்து, அவர் விருப்பப்படி ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு, 1752இல், அந்தக் கோயில் லுத்தரன் மிஷனரி யோகான் பிலிப் பாப்ரிசியுஸ் கைக்குப் போயிற்று.

பாப்ரிசியுஸைக் குறை சொல்ல வரவில்லை. அவரும் அடிபட்டு வந்தவர்தான். தரங்கம்பாடியில் 1740இல் இறங்கி, இரண்டு ஆண்டில் மதராஸ் வந்தார். பிரெஞ்சு ஆக்கிரமிப்பில் தன் பழைய மிஷன் இடத்தை இழந்து, எண்ணூரைத் தாண்டிப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களிடம் தஞ்சம் புகுந்தார். 1758 இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்து வேப்பேரியைச் சூறையாடியபோது திரும்பவும் சபையாரைக் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்கே ஓடினார். எந்தப் பாதையாக ஓடினார்கள் என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். பழவேற்காடு நமக்கு நேர் வடக்கே இருக்கிறது. மூட்டை முடிச்சோடு கைக்குழந்தைகளோடு போன கூட்டம் நம் கடற்கரை ஊர்களை ஒட்டித்தான் போயிருக்கும்.

உஸ்கானின் கோயில் கைக்கு வந்த சில மாதங்களில் பாப்ரிசியுஸ் ஒரு கல்யாணம் செய்து வைத்தார். 1753 பிப்ரவரி 18. கோட்டைக்குள் புனித மேரி ஆலயம். மணமகன் ராபர்ட் கிளைவ், மணமகள் மார்கரெட் மாஸ்கிலின். கிளைவ் குடியிருந்த வீடு இன்றும் கோட்டைக்குள் ‘கிளைவ் ஹவுஸ்’ என்ற பெயரில் நிற்கிறது. சுற்றிக் காட்டுகிறவர்கள் கிளைவ் பெயரைத்தான் சொல்வார்கள். அந்த வீடும் ஓர் ஆர்மீனிய வணிகருடையது, ஷமியர் குடும்பத்துச் சொத்து. கம்பெனி பிறகுதான் வாங்கிக்கொண்டது. வாடகைக்கு இருந்தவர் பெயர் வீட்டுக்கு நிலைத்துவிட்டது, வீட்டுக்காரர் பெயர் போயே போய்விட்டது.

வேப்பேரிக்குத் திரும்புவோம். 1761இல் ஆங்கிலப் படை புதுச்சேரியைப் பிடித்து, அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் எழுத்துகளையும் மதராஸுக்குக் கொண்டுவந்தது. அச்சடிக்கத் தெரிந்தவர்கள் மிஷனரிகள்தான் என்பதால் அது பாப்ரிசியுஸிடம் போயிற்று. கம்பெனி கேட்கும்போது கம்பெனி வேலையும் செய்துதர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அச்சகத்தில்தான் 1772இல் அவர் திருத்திய தமிழ்ப் புதிய ஏற்பாடும், 1779இல் தமிழ்–ஆங்கில அகராதியும் வந்தன. இன்று தமிழ் அகராதி வரலாறு எழுதுகிற எவரும் வேப்பேரியைத் தொடாமல் போக முடியாது. பறித்த கோயில், பறித்த அச்சு இயந்திரம், அவற்றிலிருந்து நமக்குக் கிடைத்த அகராதி. மூன்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

பாப்ரிசியுஸின் முடிவு பெரும்பாலும் சபை மலர்களில் வராது. மிஷன் பணத்தையும் தன்னை நம்பி மற்றவர்கள் கொடுத்து வைத்த பணத்தையும் வட்டிக்கு விட்டார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. பெரிய புலவர், கணக்கில் ஏமாளி. கடன் வழக்கில் சிறைக்கும் போனார். 1791இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த கெரிக்கே தலையில் இந்தக் கணக்கெல்லாம் விழுந்தது. அந்த வேப்பேரிக் கோயில்தான் இன்றைய புனித மத்தியா ஆலயம்; அதன் இப்போதைய கட்டடம் 1820களில் எழுந்தது. உஸ்கான் கல்லறை அந்த வளாகத்தில் இன்னும் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். கட்டியவரை வெளியே தள்ளிய கோயிலின் வளாகத்திலேயே கட்டியவர் படுத்திருக்கிறார்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம்.

‘தோட்ட வீடு’ என்று சொன்னாலே எல்லோரும் அடையாறு, நுங்கம்பாக்கம், எழும்பூர் என்றுதான் கை காட்டுவார்கள். பிரெஞ்சு பயம் தீர்ந்த பிறகு கோட்டையை விட்டு வெளியே வந்த கம்பெனிக் கனவான்கள் தெற்கிலும் மேற்கிலும் ஏக்கர் கணக்கில் தோட்டம் போட்டு, நடுவில் தூண் வைத்த வீடு கட்டினார்கள். வடக்கில் அப்படி நிறையக் கட்டவில்லை. வடக்கு, வேலை நடக்கிற இடமாக இருந்தது. துணியை வெளுத்துக் காயப்போட வண்ணாரப்பேட்டைத் திடல்கள். நெசவாளிகளுக்குத் திருவொற்றியூர் அருகே காலடிப்பேட்டை. கவர்னர் ஜோசப் காலட் 1719இல் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளோடு உண்டாக்கிய குடியிருப்பு. ஊர்ப் பெயரில் ஒளிந்திருப்பது அவர்தான். அங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலும் அந்தக் குடியேற்றத்தோடு சேர்ந்து வளர்ந்தது. எண்ணூரில் உப்பளம். இவற்றுக்கு நடுவே யார் பங்களா கட்டிக்கொண்டு ரோஜாச் செடி வளர்ப்பது?

ஆனால் தெற்கத்தித் தோட்ட வீடுகளின் அழகு வடக்கிலிருந்துதான் போயிற்று. பழவேற்காட்டு ஏரியிலும் எண்ணூர்க் கழியிலும் வாரிய கிளிஞ்சல், காளவாயில் வெந்து, நீறாகி, அந்த வீடுகளின் சுவரில் ஏறியது. ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று வெளிநாட்டுப் பயணிகள் வாய் பிளந்து எழுதிய பூச்சு இதுதான். கல் சுண்ணாம்பைவிடக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வெள்ளை. அதை நன்றாக அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்து, ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். சுவர் சலவைக்கல் போல மின்னும். பளிங்கு என்று நினைத்துத் தொட்டுப் பார்த்து ஏமாந்த துரைமார் உண்டு.

கூரையும் அப்படித்தான். மெட்ராஸ் டெரஸ் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் அதன் கீழேதான் ஞாயிறு மறைக்கல்வி படித்திருப்பீர்கள். தேக்கு உத்தரம், அதன் மேல் குறுக்குச் சட்டம், அதன் மேல் மெல்லிய செங்கலைச் சாய்வாட்டமாகச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். தட்டுக்குத் தாளம் பிசகக் கூடாது என்று பாடிக்கொண்டே தட்டுவார்கள். கட்டை துள்ளி எழும்பும் பதம் வந்தால்தான் நிறுத்தலாம். இந்தப் பெண்களின் கூலி எந்த மலரிலும் இல்லை. ஆனால் பழைய கட்டடக் கணக்கு நோட்டில் இருக்க வாய்ப்புண்டு. ‘தளம் தட்டிய ஆள் இத்தனை, கூலி இத்தனை’ என்று ஒரு வரி கிடைத்தால் அதைப் படம் பிடித்துப் போடுங்கள்.

இந்தக் கிளிஞ்சலும் உப்பும் விறகும் வந்த வழி கால்வாய். கடற்படைக்குச் சாப்பாட்டுச் சாமான் ஒப்பந்தம் எடுத்துப் பணம் பார்த்த பேசில் காக்ரேன், 1801 முதல் 1806 வரை மதராஸிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய் அது. படகுக்குச் சுங்கம் வாங்கும் உரிமை அவருக்கு. கொருக்குப்பேட்டையில் காக்ரேன் பேசின் சாலை அவர் பெயரில் இருக்கிறது. 1877–78 பஞ்சத்தில், கஞ்சிக்கு வழியில்லாதவர்களை வைத்துத் தெற்கே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டி, முழுக் கால்வாய்க்கும் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். அந்த 1877ஆம் ஆண்டின் அடக்கப் பதிவேடு உங்களில் யாரிடமாவது இருந்தால், அதற்கு முந்தைய ஐந்தாண்டுப் பக்கங்களோடு எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். அரசாங்க அறிக்கை பஞ்சத்தைப் பற்றிச் சொல்வது ஒன்று. தன் தெருவில் ஒரே மாதத்தில் எத்தனை பெயர் எழுதப்பட்டது என்று பார்ப்பது வேறு.

இராயபுரத்துக்காரர்களே, உங்களிடம்தான் பெரிய கதை இருக்கிறது.

அந்தக் காலத்தில் மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவர மசூலா படகு. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. ஆணி அடித்த படகு அந்த அலையில் அறைபட்டால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பும். கவர்னரானாலும் புதுமணப்பெண்ணானாலும் பாதிரியாரானாலும் மதராஸ் மண்ணை மிதிக்க இந்தப் படகோட்டிகள் தயவு வேண்டும். கம்பெனி பெரிதாக வளர்ந்தது இவர்கள் துடுப்பில்தான். படகைக் கம்பெனியின் துறை அதிகாரி கட்டுப்படுத்தினார். கூலியும் அபராதமும் அங்கிருந்தே வந்தன.

கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த படகோட்டிகளையும் மீனவர்களையும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கே நகர்த்தினார்கள். அப்படி வந்து குடியேறிய இடத்தில், குருகுல வம்சத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் படகோட்டிச் சமூகத்தார் 1820களில் தங்கள் காசில் எழுப்பியதுதான் இராயப்பர் கோயில். ஊருக்கே அவர் பெயர் வந்தது. தெற்கே ஒரு துரை தனக்கென்று பங்களா கட்டிய அதே காலத்தில், இங்கே அலையில் உயிரைக் கொடுத்து வேலை செய்தவர்கள் கோயில் கட்டினார்கள். கோயிலைக் கட்டியவர்களுக்கு அதன் நிர்வாகத்தில் என்ன உரிமை, திருச்சபை அதிகாரத்துக்கு என்ன உரிமை என்ற கேள்வி பின்னால் நீதிமன்றப் படியும் ஏறியது. இன்றும் சிலருக்கு அதைப் பேசினால் முகம் சிவக்கும். தீர்ப்பு யாருக்கு நியாயம் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது என் வேலையும் இல்லை. ஆனால் சங்கடம் என்று அந்த அத்தியாயத்தை மலரிலிருந்து எடுத்துவிடாதீர்கள். உஸ்கானுக்கு நடந்ததையும் இதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்வி ஒன்றுதான்: நான் கட்டினேன் என்பதற்கு என்ன ஆதாரம்? பணக்கார வணிகராக இருந்தும் உஸ்கான் பேச்சு எடுபடவில்லை. படகோட்டிகள் கூட்டமாக நின்றதால் அவர்கள் குரல் தலைமுறை தாண்டியும் கேட்டது.

இராயபுரத்தின் மற்ற சொத்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்சி மக்களின் அக்னி ஆலயம் 1910 முதல் உங்கள் தெருக்களுக்கு நடுவே இருக்கிறது. இளவயதில் இறந்த மகன் நினைவாக கிளப்வாலா குடும்பம் கட்டியது. அரத்தூன் சாலை என்று ஆர்மீனியப் பெயர் தாங்கிய சாலையும் உங்களிடம் இருக்கிறது. ஆர்மீனியர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794இல் மதராஸில்தான் வெளியானது. நடத்தியவர் ஹருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியார். பாதிரியார் வீட்டு மேஜையில் ஞானஸ்நானச் சீட்டு மட்டுமா எழுதினார்கள்?

துறைமுகம் வந்ததும் படகோட்டிகள் பிழைப்பு போயிற்று. 1860களில் முதலில் இரும்புத் தூண் பாலம் கடலுக்குள் நீண்டது. 1870களில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள், 1881 புயல் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனது, திரும்பக் கட்டினார்கள். நம் கடற்கரையில் மணல், ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகப் போகும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்று, கடல் இராயபுரத்தையும் காசிமேட்டையும் திருவொற்றியூரையும் தின்னத் தொடங்கியது. வீடு, தெரு, வலை உலர்த்திய இடம் எல்லாம் போன பிறகு பாறாங்கல் கொட்டினார்கள். மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர் காலடியில் கிடக்கும் மணலில் நம் பங்கு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கட்டடங்களின் வரலாறு எழுதும்போது இதை நீங்கள் விடக்கூடாது. உங்கள் எல்லையில் எந்தச் சிற்றாலயம், எந்தக் கல்லறைத் தோட்டம், எந்த வீடு கடலுக்குப் போயிற்று என்று தெரிந்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எண்ணூரைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கப் போன இடம். கழிமுகத்தோரம் ஓய்வு வீடுகள், மீன் விருந்து, படகுச் சவாரி. பிறகு அந்த மோகம் விட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1948இல் கார் தொழிற்சாலை, 1970இல் அனல்மின் நிலையம், பின்னர் இன்னும் பெரிய அனல்மின் நிலையம், 2001இல் துறைமுகம், சாம்பல் குட்டை. அந்த 1970 மின் நிலையம் 2017இல் மூடியாயிற்று, சாம்பல் மூடவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்து, படகுகளையும் வலைகளையும் நாசமாக்கியதை நீங்களே பார்த்தீர்கள். ஓய்வு வீடு தேடி அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்வது, வீட்டைத் தேடாதீர்கள், கிளிஞ்சல் வாரியவர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று நினைத்து உட்காராதீர்கள். நீதிபதி பத்மநாபன் குழு சென்னையில் 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டது; 2010இல் உயர் நீதிமன்றம் அதற்கு வலு சேர்த்துத் தீர்ப்புச் சொன்னது. மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறி நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. பட்டியலில் பெரிய கோயில் இருக்கலாம். பக்கத்தில் உள்ள குருமனை இருக்க வேண்டும் என்று இல்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையமே பாழடைந்து, பலரும் சத்தம் போட்ட பிறகுதான் 2005இல் சீர்செய்யப்பட்டது. அவ்வளவு புகழ் உள்ள கட்டடத்துக்கே அந்த நிலை என்றால் ‘சாமியார் பங்களா’வுக்காக யார் மறியல் செய்வார்?

அதனால் நான் கேட்பது சின்ன விஷயங்கள்தான். பழைய பங்களாவை இடிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் ஒரு குருவை உட்கார வைத்துவிட்டுப் பாரம்பரியம் பேசுவது சுலபம். வாளி வைத்து இரவெல்லாம் விழித்திருப்பவர் அவர். ஆனால் இடிப்பதற்கு முன் அளந்து வரையுங்கள். ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். உத்தரத்தில் ஏதாவது செதுக்கியிருக்கிறதா, செங்கல்லின் அளவு என்ன, வாசற்படிக் கல் எந்தக் கல் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இடிக்காமல் பழுது பார்ப்பதாக இருந்தால் கொத்தனாரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசக்கூடாது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, நம் ஊர் உப்புக் காற்றுக்குச் செங்கல் பொடிப்பொடியாக உதிரும். மூன்று மழைக்காலம் தாண்டாது. அப்புறம், ‘பழைய சுவர், தாங்காது’ என்று இடிக்க அதே கொத்தனாரே சொல்வார்.

பதிவேடுகள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டுகிறார்கள். இன்னும் ஆர்வம் உள்ளவர்கள் லாமினேட் செய்துவிடுகிறார்கள். இரண்டும் காகிதத்தைக் கொன்றுவிடும். பழைய மையே இரும்புச் சத்துள்ள மை. அது தானாகவே காகிதத்தை அரிக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்தால் போதும். ஒரு நகல் மறைமாவட்டத்துக்கு, ஒரு நகல் பங்கிலேயே. ஞானஸ்நானப் பதிவேடு பத்திரமாக இருக்கும், ஏனென்றால் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணத்துக்கும் சான்றிதழ் கேட்டு ஆள் வருவார்கள். கேட்க நாதியில்லாமல் பரணில் கரையான் தின்பது கணக்கு நோட்டுகள்தான். நேர்ச்சைக் காசு, தெருவாரி வசூல், கட்டட நிதி, மேஸ்திரிக்குக் கொடுத்த முன்பணம், மணி வாங்கிய ரசீது. முதலில் அந்தப் பரணில் ஏறுங்கள். வெள்ளையடிக்கும்போது ‘குப்பை’ என்று அவற்றைத்தான் எடைக்குப் போடுவார்கள்.

பழைய உபதேசியார், மணியடிப்பவர், குருமனையில் சமைத்த அம்மா, இவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த அறையை எப்போது இரண்டாகத் தடுத்தார்கள், கிணற்றை எந்தச் சாமியார் மூடினார், பின்பக்க வழி யாருக்காக இருந்தது, யாரை முன்வாசல் வழியாக விடமாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கடைசிக் கேள்விக்குப் பதில் கேட்கத் தைரியம் வேண்டும். அதையும் அச்சில் போடுங்கள்.

இது எந்த ஒரு பங்கையும் குறித்து எழுதியதல்ல, கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் என்ற பேதமும் எனக்கு இல்லை. பரணில் ஏறவோ, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கவோ ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புங்கள். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்த பிறகு எனக்கு வேலை இல்லை, வருகிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டைவாசி ஒருவன்